பொன்மலைக்கு ஒரு நாவல்

திருச்சிராப்பள்ளியைப் பொறுத்த வரையில் நம் கதாசிரியர்களுக்குக் காவேரியின் வடபக்கம்தான் பிடித்திருக்கிறது. பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் காலை வைத்துவிட்டால் போதும், எழுதுகிறவனுக்கு எல்லாம் தயாராக இருக்கிறது. சித்திரை வீதியும் உத்தர வீதியும் இருக்கின்றன. திண்ணை இருக்கிறது, திண்ணையில் வம்பு இருக்கிறது. மார்கழி வந்தால் ஏகாதசிக் கூட்டம் இருக்கிறது. கோடையில் கொள்ளிடத்து மணல் இருக்கிறது. பாத்திரங்களைத் தேடி அலைய வேண்டாம். அவர்களே வாசலில் வந்து நின்று "என்னைப் பற்றி எழுதேன்" என்பார்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அந்த வீதிகளை வைத்துக் காலம் தள்ளியவன்தான். சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்துத் தேவதைக'ளை எத்தனை தடவை படித்தாலும் ரங்கு கடை வாசலில் ஓர் ஓரமாக நிற்க இடம் கிடைத்துவிடுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுஜாதா தொழிலால் என்ஜினீயர். யந்திரத்தை அதன் உள்ளும் புறமும் அறிந்தவர். எலெக்ட்ரானிக்ஸைப் பற்றியும் ராக்கெட்டைப் பற்றியும் சாமானிய வாசகனுக்குப் புரிகிற மாதிரி தமிழில் எழுத வழி போட்டவர். அப்பேர்ப்பட்டவரும் ஸ்ரீரங்கம் என்று வந்ததும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, அரை டிராயர் போட்ட பையனாகிவிடுகிறார். அது அவருடைய உரிமை. ஊர் அவருக்கு அப்படித்தான் நினைவிருந்தது. அதற்குமேல் கேட்க நமக்குப் பாத்தியதை இல்லை.

ஆனால் காவேரிக்குத் தெற்கேயும் ஓர் ஊர் இருக்கிறது. ஜங்ஷனைத் தாண்டிக் கிழக்கே போனால் பொன்மலை. வெள்ளைக்காரன் காலத்தில், 1920-களின் கடைசியில், தென்னிந்திய ரயில்வே கம்பெனி கட்டிய பட்டறை. பட்டறை என்றால் நாலு உலையும் இரண்டு சம்மட்டியும் என்று நினைக்கக் கூடாது. ஓர் எஞ்சினை அக்கு அக்காகக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, மறுபடியும் புதுசு மாதிரி நிறுத்துகிற இடம். உலோகத்தை உருக்கி வார்க்கிற சாலை, இரும்பை அடிக்கிற சாலை, பாய்லர் சாலை, மரவேலைச் சாலை எல்லாம் அதற்குள் அடக்கம். வெளியே வரிசை வரிசையாகக் காலனி. இதெல்லாம் ஸ்ரீரங்கத்திலிருந்து சில மைல் தூரம். ஸ்ரீரங்கத்தின் எத்தனையோ குடும்பங்களுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தது கோயில் மணியம் அல்ல, பொன்மலைச் சங்குதான். அந்த வீடுகளைப் பற்றி எழுதுகிறோம். வீட்டுக்காரர் காலையில் சாப்பாட்டுத் தூக்குடன் கிளம்பிப் போகிறார் என்று ஒரு வாக்கியம் எழுதுகிறோம். சாயங்காலம் அவர் திரும்பி வருகிறார் என்று இன்னொரு வாக்கியம் எழுதுகிறோம். இடையில் உள்ள எட்டு மணி நேரம் தமிழ்க் கதையில் இல்லை.

இந்தச் சமயத்தில் பொன்மலையைப் பற்றி யோசிக்கக் காரணம், நிலக்கரியைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிபடுகிற செய்திகள். நம் தேசத்தில் நிலக்கரி இன்னும் ராஜாவாகத்தான் இருக்கிறது. 2024-25-ல் வெட்டியெடுத்தது நூறு கோடி டன்னைத் தாண்டிவிட்டது. ஆனால் ராஜாவின் காலம் இப்படியே ஓடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஆகவே கரியை எரிக்காமல் வேறு விதமாகப் பயன்படுத்தலாமா என்று பார்க்கிறார்கள். கரியை முழுக்க எரியவிடாமல், அளந்து காற்றும் நீராவியும் கொடுத்து வாயுவாக மாற்றினால், அந்த வாயுவிலிருந்து மெதனால் செய்யலாம், உரம் செய்யலாம். 2030-க்குள் வருஷத்துக்குப் பத்துக் கோடி டன் கரியை இப்படி வாயுவாக்குவது என்று லட்சியம் வகுத்து, 2024 ஜனவரியில் மத்திய அரசு இதற்காக 8,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. செய்தியின் கடைசிப் பத்தியில் தவறாமல் ஒரு சொல் வருகிறது: 'மறுபயிற்சி'. தொழில் மாறும், தொழிலாளர்களுக்கு மறுபயிற்சி அளிக்கப்படும், சுபம்.

கரியைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்குத் தகுதி போதாது. கல்லூரியில் இரண்டே வருஷம் படித்தவன், அதிலும் ரசாயனத்தைக் கண்டு ஓடியவன். ஆனால் அந்தக் கடைசிப் பத்தி எங்கள் இலாகாவைச் சேர்ந்தது. நாற்பத்தைந்து வயதில் ஒருவன் தன் கை அறிந்த வித்தையை விட்டுவிட்டு வேறு வித்தைக்கு அரிச்சுவடி எழுத உட்காருகிறான் என்றால், அது பத்திரிகையின் கடைசிப் பத்தியில் அடங்குகிற சமாசாரமா? அது முந்நூறு பக்க நாவல். அந்த நாவல் நம்மிடம் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

தொழிலாளியைப் பற்றித் தமிழில் நாவலே கிடையாது என்று சொல்ல வரவில்லை. நல்ல நாவல்கள் உண்டு. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-ல் வந்தது. நெசவாளர்களின் பட்டினியை அதற்கு முன் யாரும் அவ்வளவு உறைக்கச் சொன்னதில்லை. அது செக் மொழிக்கும் போயிற்று. (அடுத்த பத்து வருஷத்துக்குள் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து என்ஜினீயர்கள் திருவெறும்பூருக்குப் பாய்லர் தொழிற்சாலை கட்ட வந்தார்கள். அவர்களில் யாராவது அதைப் படித்துவிட்டு, தமிழ்நாட்டில் தறியும் பசியும்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு விமானம் ஏறினார்களோ என்று எனக்கு ஒரு வேடிக்கையான எண்ணம் உண்டு.) செல்வராஜின் 'தோல்', திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் நாற்றத்தையும் அடிமைத்தனத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தது. நிலக்கரித் தொழிலாளர்களைப் பற்றியே கு. சின்னப்ப பாரதி 'சுரங்கம்' என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய்ப் பார்த்து எழுதிய 'கரிப்பு மணிக'ளைப் படித்துவிட்டு ஊறுகாயில் உப்புப் போடும்போது கொஞ்சம் கை தயங்காதவர்கள் இருந்தால் அவர்கள் பெரிய மனசுக்காரர்கள்.

இந்த நாவல்களைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புலப்படுகிறது. நம் நாவலாசிரியர்கள் தொழிலாளியிடம் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: அவனுடைய பசி, அவனுடைய போராட்டம். இரண்டும் சத்தியமானவை. ஆனால் அவனுடைய வேலையைப் பார்ப்பதில்லை. வேலை அவனைப் பிழிந்தெடுக்கிற செக்காக வருகிறதே ஒழிய, அவனுக்குப் பெருமை தருகிற வித்தையாக வருவதில்லை. வித்தையாகவே அது வராதபோது, அந்த வித்தை ஒருநாள் வேண்டாததாகப் போனால் அவனுக்கு என்ன போயிற்று என்பதை எப்படிச் சொல்வது? சம்பளம் போனால் போராடலாம். சம்பளம் போகாமல், வேலையும் போகாமல், வித்தை மட்டும் போனால்?

இதற்குப் பொன்மலையை விட நல்ல களம் வேண்டாம். பொன்மலை பிறந்த கதையே இதுதான். கம்பெனிக்கு நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் பழைய பட்டறைகள் இருந்தன. எல்லாவற்றையும் பொன்மலையில் ஒன்றாகச் சேர்ப்பது, புது யந்திரங்கள் போடுவது, ஆளைக் குறைப்பது என்று தீர்மானித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உபரி என்று கணக்காயிற்று. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பார்க்கத் திறமைச் சோதனை என்று ஒன்று வைத்தார்கள். தொழிலாளர்கள் அந்தச் சோதனைக்கு உட்பட மாட்டோம் என்றார்கள். 1928 ஜூலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ரயில்கள் நின்றன. அடக்குமுறை வந்தது. சிங்காரவேலர் முதலிய தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். வேலைநிறுத்தம் தோற்றது.

சரித்திரப் புஸ்தகத்தில் இது ஒரு பக்கம். நம்மில் ஒருவர் இதை நாவலாக எழுதியிருந்தால் எங்கே ஆரம்பித்திருப்பார்? நிச்சயமாகப் பொதுக்கூட்டத்தில் ஆரம்பித்திருப்பார். மேடையில் ஒருவர் முழங்குவார். கூட்டத்தில் கதாநாயகன் கையை முறுக்குவான். கடைசியில் துப்பாக்கிப் பிரயோகம் வேண்டுமென்றால் அதற்கும் பொன்மலையில் பஞ்சமில்லை. 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி சங்கத் திடலில் ஐந்து தொழிலாளர்கள் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். நான் ஆரம்பிப்பதாக இருந்தால் அந்தச் சோதனையில் ஆரம்பிப்பேன். நாகப்பட்டினத்தில் இருபது வருஷம் ஃபிட்டராக இருந்தவர் ஒருவர். அவர் ராவிய இரும்பு எத்தனையோ எஞ்சின்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவரைக் கூப்பிட்டு, கையில் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, "இதை ராவிக் காட்டு, பார்ப்போம்" என்கிறார்கள். அந்த நிமிஷத்தில் அவர் முகம் எப்படி இருந்திருக்கும்? ஒருவேளை அவர் பிரமாதமாகத் தேறியும் இருப்பார். தேறியிருந்தாலும் அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கியிருக்காது. மூவாயிரம் என்ற கணக்கில் அவர் வரமாட்டார். தொழிற்சங்கக் கோரிக்கையிலும் வரமாட்டார். அவர் வருவதற்கு ஏற்ற ஒரே இடம் நாவல்தான், அங்கேயும் வரவில்லை.

ஸோலா இதை எப்படிச் செய்தான் என்று பாருங்கள். 'ஜெர்மினல்' 1885-ல் வெளிவந்தது. பிரெஞ்சு நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிய நாவல் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் ஆங்கிலத்தில் படிக்கு முன் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் வேலைநிறுத்தம் வருவதற்கு வெகுநேரம் ஆகிறது. அதற்கு முன்னால் நாவலில் நடப்பது என்ன தெரியுமா? எத்தியேன் என்ற இளைஞன், லீல் நகரத்தில் ரயில்வேயில் மெக்கானிக்காக இருந்தவன், மேலதிகாரியை அறைந்துவிட்டு வேலை இழந்து, நடு இரவில் சுரங்கத்து வாசலுக்கு வந்து நிற்கிறான். மெக்கானிக் வேலை இல்லை. கரித்தொட்டி தள்ளுகிற வேலைக்குச் சேர்கிறான். அவனுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுப்பது காதரின் என்ற பதினைந்து வயதுப் பெண். முதலில் அவளைப் பையன் என்றே நினைத்துக்கொள்கிறான். குனிந்து நடக்கத் தெரியாமல் தலையை இடித்துக்கொள்கிறான். அவன் தள்ளுகிற தொட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடுகிறது, கோபத்தில் திட்டுகிறான். அந்தச் சின்னப் பெண் சிரித்துக்கொண்டே வந்து, முதுகைக் கொடுத்து நெம்பி, தொட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டுப் போகிறாள். தன்னுடைய ரொட்டியில் பாதியையும் கொடுக்கிறாள்.

இதுதான் மறுபயிற்சி! முன்பு எஞ்சினைத் தொட்ட கை, இப்போது ஒரு சிறுமியிடம் தொட்டி தள்ளக் கற்றுக்கொள்கிறது. அவமானம், ஆத்திரம், பசி, அந்தப் பெண்ணின்மேல் அவனை அறியாமல் உண்டாகிற பிரியம் எல்லாம் அந்த ஒரு பாடத்துக்குள் இருக்கின்றன. ஸோலா அதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு வேலைநிறுத்தத்துக்கு ஓடவில்லை. தொட்டியை எப்படிப் பிடிப்பது, முதுகை எங்கே கொடுப்பது, கால் எங்கே ஊன்றும் என்று சொல்லிக்கொண்டே போகிறான். அதனால்தான் பிறகு அவர்கள் வேலையை நிறுத்தும்போது எதை நிறுத்துகிறார்கள் என்று நமக்குத் தெரிகிறது. நம் நாவல்களில் வேலை நிற்கும்போது என்ன நின்றது என்று தெரிவதில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கைமாறிய ஆங்கில நாவல் ஒன்று உண்டு: லெவெல்லின் எழுதிய 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி'. வேல்ஸ் தேசத்துச் சுரங்கக் குடும்பம். படித்துவிட்டு அழாத மாமா கிடையாது. அந்த மாமாக்களில் பலர் ரயில்வேயிலோ ஆபீஸிலோ இருந்தவர்கள். வேல்ஸ் தேசத்துக் கரிக்காக அழுத அவர்களில் ஒருவராவது, தினம் தன் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வந்த கரியைப் பற்றி ஒரு கதை எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. கரி என்பது துவைத்துப் போக்க வேண்டிய வஸ்து. இலக்கியம் வேறு அலமாரியில் இருக்கிறது. நம் மத்தியதர மனோபாவத்தில் இந்த இரண்டு அலமாரிகளும் சேர்ந்ததே இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். பொன்மலையில் பாய்லர் சாலையில் இருந்து ரிட்டயரானவர். நீராவி எஞ்சினின் பாய்லர் என்பது ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. உள்பெட்டியில் நெருப்பு, இரண்டுக்கும் நடுவே தண்ணீர். நீராவி அழுத்தத்தில் பெட்டி பிதுங்கிவிடாமல் இரண்டையும் இழுத்துப் பிடிக்க நூற்றுக்கணக்கான கம்பிகள் உண்டு, 'ஸ்டே' என்பார்கள். அவற்றில் ஒன்று உள்ளுக்குள் முறிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல ஸ்டே ஒரு மாதிரி கணீரென்னும். முறிந்தது சொத்தென்று வேறு மாதிரி சொல்லும். நம் வீட்டுப் பெண்கள் சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற சாஸ்திரம்தான். ஆனால் பானை உடைந்தால் தண்ணீர் போகும். பாய்லர் உடைந்தால் ஆள் போவான்.

"ஸ்டே பேசும் தம்பி. பேசறதைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம்" என்றார் பெரியவர். டீசல் வந்ததும் அவரை வகுப்புக்கு அனுப்பினார்களாம். "வாத்தியாருக்கு என் பெரிய பையன் வயசு. பலகையில படம் போட்டான். சந்தேகம் இருந்தா கையைத் தூக்குங்கன்னான். நாப்பத்தாறு வயசுல கையைத் தூக்கினேன்." தேறினாரா என்று கேட்டேன். "பேஷா தேறினேன். கிரேடுகூடக் கிடைச்சுது. டீசலைத் தட்டினா ஒண்ணும் சொல்லாது தம்பி. மீட்டர்தான் சொல்லும். மீட்டர் யாருக்கு வேணாலும் சொல்லும்."

இதில் யாரும் அவருக்கு அநியாயம் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை கொடுத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், கிரேடு கொடுத்தார்கள், பென்ஷனும் வருகிறது. வில்லன் இல்லாத கதை. வில்லன் இல்லாவிட்டால் நமக்குக் கதை எழுத வராது. அதனால்தான் இவர் நம் நாவலுக்குள் வருவதில்லை.

கதை அவரோடு முடியவும் இல்லை. டீசல் படித்த தலைமுறையும் இப்போது பழசாகிக்கொண்டு வருகிறது. அகலப்பாதை ஏறக்குறைய எல்லாம் மின்சாரமாகிவிட்டது. பொன்மலையில் மின்சார எஞ்சின்களையும் பழுது பார்க்கிறார்கள். தாத்தா கரி, அப்பா டீசல், பேரன் மின்சாரம். மூன்று தலைமுறை நாவலுக்கு இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை எந்தக் கதாசிரியனும் யோசித்துப் பிடிக்க முடியாது.

கொஞ்சம் தள்ளித் திருவெறும்பூருக்கு வாருங்கள். பாரத மிகுமின் நிலையம் என்று பலகையில் எழுதியிருக்கும். ஜனங்களுக்கு அது 'பெல்'. தேசத்து அனல் மின் நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாய்லர் போனது இங்கிருந்துதான். கரியை வாயுவாக்குகிற வித்தையும் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1980-களிலேயே, வாயுவாக்கிய கரியைக் கொண்டு 6.2 மெகாவாட் மின்சாரம் எடுக்கிற சோதனை நிலையம் ஒன்றை இங்கே நிறுவிப் பார்த்தார்கள். நம் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்; அந்தச் சாம்பலோடு மல்லுக்கட்டுவதில்தான் சிரமமெல்லாம். 'பெல்'லை நம்பித் துவாக்குடியைச் சுற்றி நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள் முளைத்தன. வெல்டிங் தெரிந்த பையனுக்குப் பெண் கொடுக்க நான் நீ என்று போட்டி போட்ட காலம் ஒன்று இருந்தது. போன பத்தாண்டில் புதிய மின் நிலையங்கள் குறைந்தன, ஆர்டர் குறைந்தது, பட்டறைகள் காற்றாடிக் கோபுரம், ரயில்வே சாமான் என்று கிடைத்ததைப் பிடித்துக்கொண்டன. வெல்டர்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். இப்போது அனல் மின் நிலைய ஆர்டர்கள் மறுபடியும் வருகின்றன; போனவர்கள் வரவில்லை. பிள்ளையை வெல்டிங் படிக்கவைப்பதா, கம்ப்யூட்டர் படிக்கவைப்பதா என்று திருவெறும்பூரில் ஒரு தகப்பன் யோசிக்கிறான் என்றால், அந்த யோசனைக்குள் உலகத்து நிலக்கரி அரசியல் முழுவதும் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதத் தமிழில் வார்த்தை இல்லை என்று ஒரு விமரிசக நண்பர் சொன்னார். வார்த்தை இருக்கிறது, பட்டறையில் இருக்கிறது. கலாசி, மேஸ்திரி, ஃபிட்டர், டர்னர், மோல்டர், ஸ்டே, டியூப், ராவுகிறது, பற்றவைக்கிறது என்று அவர்கள் காலை முதல் மாலை வரை மூச்சு விடாமல் பேசுகிறார்கள். நாம்தான் அதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து 'கொதிகலன்' என்று எழுதி உட்காருகிறோம். கொதிகலன் நல்ல சொல்தான்; பாடப் புஸ்தகத்தில் இருக்கட்டும். ஆனால் அந்தப் பெரியவர் வாயில் கொதிகலன் என்று போட்டேனானால், பிறகு அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

நெய்வேலியை விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டில் கரி என்றால் நெய்வேலிதான். நம் வாசகிகளில் வயதானவர்களுக்கு 'லெகோ' நினைவிருக்கும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, புகை போகச் சுட்டு, வீட்டு அடுப்புக்கு விற்றார்கள். விறகுப் புகையில் கண் கலங்கிய எத்தனையோ பேருக்கு அது பெரிய நவீனமாக இருந்தது. அதே நெய்வேலியில் 1960-களிலேயே பழுப்புக் கரியை வாயுவாக்கி யூரியாவும் செய்தார்கள். இப்போது பத்திரிகைகள் புதுமை என்று கொண்டாடுவதில் பாதி, நம் தாயார் காலத்துச் சரக்கு. பிறகு சமையல் வாயு வந்தது, லெகோ போயிற்று. கணக்குக் கட்டவில்லை என்று உர ஆலையும் மூடப்பட்டது. இப்போது நெய்வேலியில் மெதனால் என்கிறார்கள். அடுப்புக் கட்டி அழுத்தினவர்களும் யூரியா செய்தவர்களும் அடுத்த நாள் காலை எந்த வாசலில் போய் நின்றார்கள் என்று யாராவது ஒரு சிறுகதை எழுதியிருக்கலாம்.

அவர்களுக்கும் முன்னால் மறுபயிற்சி பெற்றவர்கள் நெய்வேலியின் உழவர்கள். 1957-ல் வெட்டத் தொடங்கி 1961-ல் கரியைக் கண்டார்கள். நிலத்தைக் கொடுத்தவனில் சிலருக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. சிலருக்கு ஒப்பந்தக் கூலி கிடைத்தது. சிலருக்கு அதுவும் இல்லை. ஏர் பிடித்த கை ராட்சத யந்திரத்தின் விசையைப் பிடித்தது. இது இன்னும் முடியாத கதை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், கதிர் வாங்க இருந்த நெற்பயிரின்மேல் மண் வெட்டும் யந்திரங்கள் இறங்கியதைப் படத்தில் பார்த்தோம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கவிதை எழுதியவர்கள் உண்டு. எனக்கு அந்த யந்திரத்தை ஓட்டியவன்மேல் கண் போயிற்று. அவனுடைய பாட்டனார் நிலம் எந்தப் பள்ளத்துக்குள் போயிற்றோ?

நாவல் என்ன தொழிற்கல்விப் பாடமா, ஸ்டேயையும் தொட்டியையும் விவரித்துக்கொண்டிருப்பதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். தொழில் நுணுக்கத்தைக் கொட்டி வைத்தால் நாவலாகாது. ஆனால் செய்யவே முடியாத காரியம் என்று சொல்லவும் முடியாது. நம் திருச்சி ஜில்லா முசிறியில் பிறந்த ராஜம் கிருஷ்ணனே செய்து காட்டியிருக்கிறார். 'குறிஞ்சித் தே'னில் நீலகிரி மலையில் மாடும் சாமையுமாக இருந்த படுகர் குடும்பங்களுக்கு நடுவே தேயிலையும் பணமும் மின்சாரமும் வந்து சேருகின்றன. யாரும் யாரையும் சுட்டுவிடவில்லை. ஜோகி ஒரு பக்கமாகவும் ரங்கன் ஒரு பக்கமாகவும் வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் படித்து முடிக்கும்போது ஒரு மலை இடம் மாறிவிட்டது தெரிகிறது. பிழைப்பு மாறும்போது பாசம் எப்படி மாறுகிறது, மரியாதை எப்படி மாறுகிறது என்பதை அந்த அம்மாள் கவனித்திருக்கிறார். அவருடைய பிற்கால நாவல்கள் சிலவற்றில் செய்தி கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்பது என் எண்ணம். இதில் அது இல்லை. இந்தக் கண்ணோடு யாராவது பொன்மலைக் காலனிக்குள் போயிருந்தால்!

ஜெர்மனியில் ரூர் பிரதேசத்தின் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை 2018 டிசம்பரில் மூடினார்கள். பல வருஷங்களுக்கு முன்பே தேதி குறித்து, ஆட்களை மெல்ல மெல்ல வேறு வேலைக்கு மாற்றி, வயதானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்து, கௌரவமாக முடித்தார்கள். 1984-85-ல் இங்கிலாந்து ஒரு வருஷம் அடித்துக்கொண்டதற்கு இது எவ்வளவோ மேல். கடைசிக் கரிக்கட்டியைச் சுரங்கத்தொழிலாளிகள் குடியரசுத் தலைவர் கையில் கொடுத்தபோது அவர்கள் அழுதார்கள். சம்பளத்துக்குக் குறைவில்லை, பின் எதற்கு அழுதார்கள்? இந்த அழுகையைச் சர்க்கார் அறிக்கை எழுதுகிறவர் பதிவு செய்ய முடியாது. அது அவருடைய குற்றமும் அல்ல.

பொன்மலையில் 2021-ல் ஒரு விசித்திரம் நடந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் பல்சக்கரம் வைத்து ஏறுகிற மலை ரயிலுக்கு, சுவிட்சர்லாந்திலிருந்து அந்த நாளில் வந்த எஞ்சின்கள் பழசாகிவிட்டன. எண்ணெயில் ஓடும் நீராவி எஞ்சின்களைப் பொன்மலையிலேயே முன்பு செய்து கொடுத்திருந்தார்கள். 2021-ல் செய்தது நிலக்கரியிலேயே ஓடுகிற புது எஞ்சின். நீராவியை வழியனுப்பி எத்தனையோ வருஷம் கழித்து, டீசல் படித்தவர்களும் மின்சாரம் படிக்கிறவர்களும் சேர்ந்து உட்கார்ந்து கரி எஞ்சின் செய்தார்கள். தாத்தாவின் வித்தையைப் பேரன் படித்தான்! அந்தப் பாய்லரிலும் ஸ்டே உண்டு. அதையும் யாரோ சுத்தியலால் தட்டியிருப்பார்கள். எது கணீர், எது சொத்து என்று அவர்கள் எப்படிப் பிரித்துக் கேட்டார்கள், யாராவது பழைய ஆளைக் காலனியிலிருந்து கையைப் பிடித்து அழைத்து வந்து நிறுத்தினார்களா, அவர் காது இன்னும் கேட்டதா என்றெல்லாம் போய் விசாரிக்கிற நாவலாசிரியனுக்கு முதல் அத்தியாயம் அங்கேயே கிடைக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து நேர் பஸ் கிடைக்காவிட்டால் ஜங்ஷனில் மாறிக்கொள்ளலாம்.